பொம்மையைப் பிடித்தவள் பேச்சு

ஹூவெய் ஊர்க் கைப்பாவை ஆட்டக்காரர் லியாவ் தியென்-ஷெங்கின் வாயிலிருந்து அவருடைய மனைவி பாவ்-ஜூவின் பேச்சு வரத் தொடங்கியது 1996ஆம் வருடம், வயது வந்தவர்களுக்கான சிரிப்புப் படம் ஒன்றின் ஒன்பதாம் நாள் படப்பிடிப்பில், பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன். அதே வாரம் பூண்டு நல்ல விலைக்குப் போனது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

படத்தின் பெயர் ‘மூன்று கட்டில் மாப்பிள்ளை’. கோயில் திருவிழாக்களில் வாள் சுழற்றிய பொம்மைகளைக் கட்டிலில் ஏற்றினால் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று நம்பி, தைப்பேயிலிருந்து கெ என்ற இளம் டைரக்டர் வந்திறங்கியிருந்தார். கதாநாயகன் லெய் பல் டாக்டர். கதாநாயகி ஆ-தாவ், எந்தப் பல்லும் வலிக்காமலேயே தினமும் வந்து நாற்காலியில் சாய்கிற விதவை. லெய்யைத் தியென்-ஷெங் பிடித்தார், ஆ-தாவைப் பாவ்-ஜூ பிடித்தாள். பேச்சு மட்டும் இரண்டுக்கும் தியென்-ஷெங்குடையது. அங்கே வழக்கம் அப்படி: எத்தனை பொம்மை வந்தாலும் தலைமை ஆட்டக்காரர் ஒருவரே எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாகப் பாவ்-ஜூவின் கையிலிருந்த ராணிகளும் பேய்களும் பேசியது அவர் வாயால்தான். வீட்டிலும் அதே கதை. டீயா காப்பியா என்று யாராவது அவளைக் கேட்டால் இவர் டீ என்பார். அவளுக்குப் பிடித்தது காப்பி.

வசனத்தைப் படித்ததும் தியென்-ஷெங் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். இத்தனை பச்சையாக, நாடகக்காரர்களின் காவல் தெய்வத்துக்கு எதிரே எப்படிப் பேசுவது? ஊதுவத்தி ஏற்றி, பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டு உத்தரவு கேட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்தன, சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். மறுபடி போட்டார், மறுபடி சிரிப்பு. டைரக்டர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது தியென்-ஷெங், எல்லாரும் செய்கிற சாமர்த்தியத்தைச் செய்தார், கேள்வியை மாற்றினார். “ஐயா, என் வாயில வர்றதை என் பேச்சுன்னு நினைச்சுக்காதீங்க. எந்தப் பொம்மையை யார் பிடிச்சிருக்காங்களோ, அந்தப் பேச்சு அவங்களோடது.” படத்தில் அசிங்கம் முக்கால்வாசியும் ஆ-தாவுக்கு, ஆகவே பாவம் மனைவியின் தலையில். மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் சம்மதம். பின்னால் பொம்மைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பாவ்-ஜூ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் எட்டு நாளும் லெய் தனியாக வரும் காட்சிகள். ஒன்பதாம் நாள் ஆ-தாவின் சட்டையை உருவினார்கள். கைப்பாவைக்குத் துணிக்குள்ளே உடம்பேது, கைதான். காமிராவின் எதிரே நின்றது நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் வலது கை, எண்ணெய் தெறித்த தழும்போடு; உச்சியில் புன்னகைக்கும் மரத்தலை. “டாக்டரே, பல்லுக்குக் கீழேயும் வலிக்குது” என்பது வசனம். தியென்-ஷெங் வாயைத் திறந்தார்.

“ஏன்யா, பதினோரு வருஷமா சுவத்தைப் பாத்துப் படுக்கிறவனுக்கு மீசை ஒரு கேடா?”

குரல் பாவ்-ஜூவினுடையது, அன்றைய ஜலதோஷம் உட்பட. அவள் உதடு மூடியே இருந்தது. பதறிப்போன தியென்-ஷெங் லெய்யை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்: “கட்டில் சின்னதா இருக்குதும்மா.”

“கட்டில் போதும். அதுல ஆம்பளைதான் பத்தலே.”

விளக்குப் பிடித்தவன் சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடியது. “வாத்தியாரே, பிரமாதம்! இப்படியே போங்க!” என்று கத்தினார் டைரக்டர்.

ஐந்து வாரம் இப்படியே போனது. எழுதி வைத்த வசனம் பஜ்ஜி மடிக்கத்தான் உதவியது. “எனக்கு டீ பிடிக்காது, இருபத்திரண்டு வருஷமா பிடிக்காது” என்று ஆ-தாவ் சொன்னபோதும் எல்லாரும் சிரித்தார்கள், தியென்-ஷெங் சிரிக்கவில்லை. கடைசி நாள், மூன்றாவது கட்டிலில், லெய்யின் மீசையைத் தடவியபடி ஆ-தாவ் சொன்னாள்: “படம் முடிஞ்சதும் நான் காவோஷியோங் போறேன். தங்கச்சி சாப்பாட்டுக்கடை வச்சிருக்கா. நீ என்னிக்கும் என்னைக் கேட்டதில்லே, அதான் நானா சொல்றேன்.” மனைவி தன்னை விட்டுப் போவதைத் தன் வாயாலேயே சொல்லித் தெரிந்துகொண்டவர் அந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொண்டை அவள் வசம் இருந்ததால் அழவும் முடியவில்லை.

வரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டைகளைப் போட்டார். சாமி ஏழு தடவை சிரித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். மறுநாள் காலை பஸ்ஸில் பாவ்-ஜூ போனாள். ஆ-தாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். படம் நன்றாக ஓடியது. வசனத்துக்குப் பரிசு கிடைத்தது, டைரக்டர் வாங்கிக்கொண்டார்.

காவோஷியோங்கில் கடைக்கூட்டம் குறையும் பிற்பகல்களில் அவள் ஆ-தாவைக் கையில் மாட்டிக்கொள்வாள். ஹூவெய்யில் இவர் வாய் பேசத் தொடங்கும். முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திக் காத்திருப்பார். முதல் வருடம் முழுக்கத் திட்டு, அதில் பாதி கட்டில் சமாச்சாரம். கடைத்தெரு வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. இரண்டாம் வருடம் தங்கையின் முழங்கால் வலி, மீன் விலை, ஒழுகும் கூரை. பதில் சொல்ல இவருக்கு வழி இல்லை. போன் செய்தால் தங்கை எடுத்து வைத்துவிடுவாள். கேட்பது ஒன்றுதான் முடிந்தது, ஆகவே கேட்டார். யாரும் சொல்லாமலே ஒரு காப்பி டப்பா வாங்கி வைத்தார். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி அறை நடுவில் போட்டார்.

மூன்றாம் வருடம், பூண்டு மறுபடி விலையேறிய வாரத்தில், பன்றிக்கறிக் கடையில் அவர் தனக்கு மட்டும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தபோது வாய் பாதியில் மாறியது.

“ரெண்டு பேருக்கு வாங்கு. பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன்.”

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கத்தியைத் தீட்டினார். “எலும்போடவா, அக்கா?”

“எலும்போட” என்றது வாய். தியென்-ஷெங் பையை விரித்து நீட்டினார்.