மூன்றாம் வருஷத்துக் கோப்பை

இறுதிப் போட்டி மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். மூன்றேகாலுக்குத்தான் உப்பளம் பக்கத்து அந்தப் பழைய சிமென்ட் மைதானத்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த விழுப்புரத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். ஐந்தே பேர். மாற்றி இறக்க ஒருத்திகூட இல்லை. "எங்க சாரு வரல. அவருக்கு வேற ட்யூட்டி போட்டுட்டாங்க" என்றாள் அவர்களுடைய கேப்டன் கலைவாணி, யாரும் கேட்காமலேயே. எதிரணிக் கேப்டன் ஜாஸ்லின் தலையாட்டிவிட்டு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

பிப்ரவரியோடு கல்லூரி கூடைப்பந்து சீசன் முடிந்துவிடும். பெரிய போட்டிகளுக்குத் தேர்வாகாமல் மிஞ்சிப்போன கல்லூரிகளுக்காக, சீசன் முடிந்த பிறகு விஜயராகவன் ஆரம்பித்த போட்டி இது. அவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், இப்போது விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். முதல் வருஷம் பன்னிரண்டு அணிகள், பேண்டு வாத்தியம், சுற்றிலும் கூட்டம். அடுத்த வருஷம் ஏழு. இந்த மூன்றாம் வருஷம் பெயர் கொடுத்ததே நான்கு அணிகள்தான். அதிலும் ஒன்று வராமல் போனதால் ஜாஸ்லினின் அணி ஆடாமலேயே இறுதிக்கு வந்துவிட்டது. பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளில் விஜயராகவனும், ஸ்கோர் எழுதுகிறவரும், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு ஐஸ் வண்டிக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜாஸ்லினுக்கு இது கடைசி வருஷம். பி.காம். முடித்ததும் உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்கு, கூடைப்பந்துச் சங்கம் அங்கீகரித்த ஒரு போட்டியிலாவது கோப்பை வென்ற சான்றிதழ் வேண்டும். முந்தைய இரண்டு வருஷமும் அரையிறுதியில் தோற்றார்கள். அவள் அம்மா ஃபாத்திமா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கிற வேலை செய்கிறவள். சேதராப்பட்டில் மருந்து பேக்கிங் கம்பெனி ஒன்றில் மகளுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டாள். "சர்டிபிகேட்டு வந்தா படி. நான் வேணான்னு சொல்லல. வரலன்னா திங்கக்கெழம கம்பெனிக்குப் போவணும்" என்று காலையில் ஊறிப்போன விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்தக் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் ஜாஸ்லின் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள்.

பாதி ஆட்டத்தில் ஜாஸ்லினின் அணி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. உடற்கல்வி ஆசிரியை நிர்மலா மிஸ் அவளைக் குழாயடிக்குக் கூப்பிட்டார்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன் ஜாஸ்லின். அங்கீகாரம் வரல."

"லேட்டாவுமா மிஸ்?"

"குடுக்க மாட்டோம்னு லெட்டரே வந்துடுச்சி. நாலு டீம வச்சி நடத்துறத கணக்குல எடுக்க முடியாதாம். அடுத்த வருஷம் இந்தப் போட்டியே கெடையாது."

"அப்ப சர்டிபிகேட்டு?"

"விஜயராகவன் சார் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு. எங்கியும் செல்லாது."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

மிஸ் குழாயை மூடினார். "காலைல. சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

ஜாஸ்லின் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் யோசனை ஓடியது. பந்தலில் விஜயராகவன் கோப்பையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனைப் போய்த் திட்டவும் மனசு வரவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விழுப்புரத்துப் பெண் ஒருத்தி கணுக்கால் பிசகி விழுந்தாள். தூக்கிக்கொண்டுபோய் நிழலில் உட்கார வைத்தார்கள். "நாலு பேரு ஆடறோம். ரூல் இருக்கு" என்று கலைவாணி நடுவரிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஜாஸ்லின் தன் பக்கம் திரும்பி, "அஞ்சலாட்சி, நீ போய் உக்காரு. நாமளும் நாலு பேரா ஆடலாம்" என்றாள்.

"இன்னாடி, லூசா நீ? கப்பு வேணாமா?"

"உக்காருடி."

கோப்பையில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஆட்டமாவது ஆட்டமாக இருக்கட்டும் என்று தோன்றியது. நிர்மலா மிஸ் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கலைவாணி வெறிபிடித்தவள் போல ஆடினாள். ஜாஸ்லினும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு நன்றாக ஆடியதே இல்லை. கடைசி ஏழு விநாடி இருக்கும்போது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து அவள் கைக்கு வந்தது. ஒருத்தியை ஏமாற்றி உள்ளே புகுந்து எம்பினாள். அவளுக்குக் கைவந்த இடம் அது. பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது.

விசில் ஊதியதும் அஞ்சலாட்சி அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "ஒனக்கு எங்கியோ வேல ரெடியா இருக்கு. அதான் எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்ட" என்றாள். ஜாஸ்லின் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். அங்கீகாரமே இல்லை என்று சொன்னால், ஆடிய ஆட்டம்கூட இவளுக்கு இல்லாமல் போய்விடும். நாளைக்கு எப்படியும் தெரியத்தானே போகிறது, இன்று ஒருநாள் தன்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் கலைவாணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு ஆள ஒக்கார வச்சீங்களே, சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். போலீசு வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால போடப்போறேன். அடுத்த வாரம் கடைசி தேதி. எனக்கு அப்பா கெடையாது, இத நம்பித்தான் இருந்தேன். பேரு, சீலு எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கக்கா."

சான்றிதழை நீட்டினாள். ஜாஸ்லின் வாங்கிப் படித்தாள். கலைவாணியின் பெயரில் எழுத்துப் பிழைகூட இல்லை. நிமிர்ந்தபோது நிர்மலா மிஸ் பந்தலடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள் ஜாஸ்லின்.

ஆட்டோவில் கால் பிசகிய பெண்ணை நடுவில் உட்காரவைத்து, அவள் காலை இரண்டு பேர் மடியில் தாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். வண்டி கிளம்பியதும் உள்ளே யாரோ பாட ஆரம்பிக்க, வலியில் முனகிக்கொண்டிருந்தவளும் சேர்ந்துகொண்டாள். விளிம்பில் தொற்றி உட்கார்ந்திருந்த கலைவாணி வெடித்த உதட்டோடு வாய்கொள்ளாமல் சிரித்தபடி, திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போனாள்.