லென்சுக்கு இடப்பக்கம்

அனுசுயாவின் சொந்தக்காரர்களைக் கேட்டால், அவள் உருப்படியாக ஒரு வேலையில் இருந்ததே இல்லை என்பார்கள். முதலில் தஞ்சாவூரில் ஒரு பத்திரிகைக்குப் போட்டோ எடுத்தாள். பிறகு சென்னைக்குப் போய் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தாள். திரும்பி வந்து ஆவணப்படம் எடுத்தாள். கடைசியாக, கம்ப்யூட்டரில் எழுத்தையும் வரைபடத்தையும் நகரவைக்கும் மோஷன் டிசைன். கல்லணையில் தண்ணீர் பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகத் திரையில் ஓடுகிற படம் ஒன்று உண்டே, அது அவள் கைவேலைதான். "எதுலயாவது நெலையா நில்லேன்டி" என்று பெரியம்மா கேட்காத கல்யாண வீடு கிடையாது.

நிலையாக இருந்தது ஒன்றே ஒன்று. எந்த வேலைக்கு எங்கே போனாலும் பக்கத்தில் ரெத்தினம் இருப்பான்.

ரெத்தினம் அவள் புருஷன். அவனுக்குக் கேமராவும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. பேசத் தெரியும். அடேயப்பா, என்ன பேச்சு! அனுசுயாவோ புது ஆளைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ரகம். ஆகவே அவள் கேமராவுக்குப் பின்னால் நிற்பாள். அவன் லென்சுக்கு இடப்பக்கம் ஒரு மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பான். "சாப்ட்டாச்சா?" என்று ஆரம்பிப்பான். ஐந்து நிமிடத்தில் எதிராளியின் வாயிலிருந்து குடும்பக் கதையே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, அவன் குரலை வெட்டுவது. கேட்கிறவர் குரல் படத்தில் வரக்கூடாது, பதில் மட்டும் இருக்க வேண்டும் என்பது அவள் கற்ற தொழில்.

"ஊர்ல உள்ளவன் பேச்சையெல்லாம் வச்சுக்கிற, கட்டுனவன மட்டும் கச்சிதமா வெட்டிடுற" என்பான் ரெத்தினம்.

"உங்க கொரல்தான் தெனம் கேக்குதே, அது பத்தாதா?" என்பாள்.

சொன்னாள் பாருங்கள், அந்த வாயை என்ன செய்வது? போன தை மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த ரெத்தினம் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இப்போது மார்கழி. அவள் இருபது வருட வேலையைத் திரட்டிப் பதினைந்து நிமிடப் படமாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கேட்டிருந்தார்கள். சரி என்று சொன்னபோதே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாள். அதில் ரெத்தினத்தின் குரல் ஒரு தடவையாவது வர வேண்டும். அவன் குரலைத் தேடுவதற்கு வெளியே சொல்லிக்கொண்ட காரணம் அது. அவளுக்கே அதை ஒரு முறை கேட்டாக வேண்டியிருந்தது, அதுதான் உண்மை.

தேடினாள். படம் முடிந்ததும் வெட்டிப்போட்டதையெல்லாம் அழித்துவிடுவது அவள் வழக்கம். ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டுமே. மிஞ்சியது முடிந்த படங்கள்தான். அவற்றில் அவன் இல்லை. எப்போதும் கூடவே இருந்ததால் வாட்ஸப்பில் குரல் அனுப்பியதும் இல்லை. கல்யாண வீடியோவைப் போட்டாள். தாலி கட்டுகிற இடம் தொட்டுப் பந்தி வரைக்கும் அந்த வீடியோக்காரர் சினிமாப் பாட்டாகப் போட்டு ரொப்பி வைத்திருந்தார். ரெத்தினம் வாயசைக்கிறான், பாட்டு கேட்கிறது. பத்து விநாடி குரல் கொடுங்கள், மிச்சத்தை மெஷினே பேசிவிடும் என்றார்கள் சென்னை ஸ்டுடியோக்காரர்கள். பத்து விநாடிக்கு அவள் எங்கே போவாள்?

ஒரு நாள் காலையில், எரிச்சலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பழைய படங்களை ஓடவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. நாகப்பட்டினத்து மீனவர், சீர்காழி வளையல்காரர், பூதலூர் நடவுக்காரி எல்லோரும் திரையில் இடப்பக்கமே பார்க்கிறார்கள். அத்தனை பேரும் ரெத்தினத்தைப் பார்க்கிறார்கள்! அவள் ஒருத்திதான் அவனைப் பார்க்காமல் வ்யூபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பூதலூர் நடவுக்காரி அம்சவல்லி மட்டும் ஓரிடத்தில் இடப்பக்கம் பார்த்துவிட்டு, நேரே லென்ஸைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிப்பு அழகாக இருக்கிறதென்று அதை வைத்துக்கொண்டு, மேலே நாயன இசையைப் போட்டிருந்தாள் அனுசுயா. அவன் அப்படி என்ன சொன்னான்? தன் காதிலும் விழுந்திருக்குமோ, விழாமலே போனதோ, ஆறு வருடத்தில் மறந்தே போயிருந்தது.

மறுநாள் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு பூதலூருக்கு ரயிலேறினாள்.

சம்பா கதிர் வாங்கி நின்றது. மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த அம்சவல்லிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"வா தங்கச்சி! எங்க, தம்பி வரல?"

அனுசுயா சொன்னாள். அம்சவல்லி மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு அனுசுயா போனில் அந்தச் சிரிப்பைக் காட்டினாள்.

"அக்கா, இந்த எடத்துல அவர் என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கா?"

"இல்லாம இருக்குமா? நீ வரப்புல கேமராவ நிமித்திக்கிட்டு இருந்த. நான் அந்தப் பொட்டியவே மொறச்சுப் பாத்தேன். தம்பி குனிஞ்சு, 'அங்க பாக்காதீங்கக்கா, என்னையப் பாருங்க. அந்தப் பக்கம் நிக்கிறவளப் பாக்குறதுக்குன்னே பொறந்தவன் நான் இருக்கேன்'னுச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்படியாப்பட்டவ யாருடான்னு ஒன்னப் பாத்தேன்."

பதினோரு மாதமாக நல்லபடியாகத்தான் தாங்கியிருந்தாள். அந்த வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அம்சவல்லி தடுக்கவில்லை.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, "ஒரு அஞ்சு நிமிசம் பேசுறீங்களாக்கா?" என்று கேமராவை எடுத்தாள். முக்காலியை விரித்துக் கேமராவை மாட்டினாள். கை பழக்கத்தில் அந்த மடக்கு ஸ்டூலையும் பையிலிருந்து எடுத்து இடப்பக்கம் போட்டிருந்தது. அதை அவள் கவனித்தபோது கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

அம்சவல்லி ஸ்டூலைப் பார்த்தாள். அனுசுயாவைப் பார்த்தாள்.

"இப்ப நான் யாரப் பாத்துப் பேசறது தங்கச்சி?"

"அங்கயே பாருங்கக்கா" என்றாள் அனுசுயா.

அம்சவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு காலி ஸ்டூலின் பக்கம் திரும்பினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

"சாப்ட்டேன் தம்பி."

கல்லூரியில் படம் அங்கிருந்துதான் தொடங்கியது. அனுசுயா ஒரு வார்த்தையும் வெட்டவில்லை, தன் குரலையும் சேர்த்து.