ஹாலிஸ்டர் வீட்டுக் கூரை

கிரேனின் கொக்கியில் தொங்கிய இரும்புப் பெட்டி, பள்ளிக்கூடக் கூரைக்கு மேலே மெதுவாகச் சுழன்றது. சாண்டியா மலைக்குப் பின்னால் சூரியன் இன்னும் எழவில்லை. மலையின் விளிம்பு மட்டும் வெளுத்திருந்தது. ராத்திரியெல்லாம் குளிரைக் குடித்த தார்க்கூரை, பூட்ஸ் அடியில் பாறையாய் விறைத்துக் கிடந்தது.

"இறக்கு... இன்னும் இறக்கு... நில்லு!" டெல்ஃபினா கிரியேகோ கையை உயர்த்திக் கத்தினாள். வாயிலிருந்து புகையாய் மூச்சு வந்தது. எதிர்ப்பக்கம் லெயாந்த்ரோ பெட்டியின் விளிம்பில் தோளைக் கொடுத்து, காற்றுக்குழாய்களின் வாய்க்கு நேராக அதைத் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டி முனகிக்கொண்டே சட்டத்தில் உட்கார்ந்தது.

"என் மாமியாரை விடக் கனம், கொமாத்ரே," என்றான் அவன் மூச்சு வாங்க. "ஆனா இவ பரவாயில்ல, சொன்ன எடத்துல உக்காந்துட்டா."

டெல்ஃபினா சிரித்தாள். அவன் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் அவள். அதனால்தான் அந்த 'கொமாத்ரே'. அல்புகெர்கி ஊரின் தட்டைக் கூரைகளில் பாதிக்கு மேல் இருவரும் சேர்ந்து ஏறியவர்கள்.

குளிர்காலத்தில் கேஸை எரித்துச் சூடு தருவதும் கோடையில் குளிர்ச்சி தருவதும் அந்த ஒரே பெட்டிதான். இரண்டையும் கட்டடத்துக்குள் தள்ளுவது ஒரே விசிறி. பெட்டியைத் தூக்கி வைப்பது முரட்டு வேலை. விசிறிக் காற்றைச் சரிசெய்வதுதான் பொறுமையான வேலை. விசிறி மந்தமாக ஓடினால் உள்ளேயிருக்கும் இரும்புக் குழாய்கள் அளவுக்கு மீறிக் காய்ந்து, நாளடைவில் வெடிப்பு விடும். வெடிப்பு வழியாக விஷவாயு காற்றோடு கலந்தால், மணமும் இருக்காது நிறமும் இருக்காது. கீழே தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். விசிறி மிஞ்சி ஓடினால் மோட்டார் கருகும். அதனால் ஓட்டிப் பார்க்க வேண்டும், நிறுத்த வேண்டும், பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தைக் கொஞ்சம் திருக வேண்டும், மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றே லேசு. ஒரு பெட்டிக்கே காலைப்பொழுது போய்விடும்.

வசந்த காலம் வரைக்கும் மணிக்கணக்கில் கூலி இருந்தது. அப்புறம் முதலாளி வேட் ஹாலிஸ்டர் பெட்டிக்கு இவ்வளவு என்று மாற்றினான். அன்றிலிருந்து, பெட்டியை உட்காரவைத்துவிட்டு ஓடுகிறவனுக்குத்தான் வயிறு நிறைந்தது. காற்றைச் சரிபார்க்கிறவன் வீட்டுக்குக் கொண்டுபோனது பாதி. மற்றவர்கள் பார்த்ததாகச் சொல்லிவிட்டு இறங்கப் பழகினார்கள். லெயாந்த்ரோ பழகவில்லை.

"கீழ புள்ளைங்க உக்காந்திருக்கும்," என்பான். வேறு விளக்கம் சொல்ல மாட்டான்.

அன்று பெட்டிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய சுவிட்ச் வரவில்லை. "அது இல்லாமலே முடிங்க, எலெக்ட்ரீஷியன் அப்புறம் வருவான்," என்று ஹாலிஸ்டர் சொல்லியிருந்தான். ஆகவே கூரையிலிருந்து மின்சாரத்தை நிறுத்த வழியில்லை. டெல்ஃபினா கீழே இறங்கிப்போய்ப் பிரேக்கரை இறக்கினாள். யாரும் ஏற்றிவிடாதபடி பிரேக்கரில் மாட்டும் பூட்டுகளைக் கம்பெனி கொடுப்பதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. அதனால் மஞ்சள் டேப்பைக் கிழித்துப் பிரேக்கர் மேல் ஒட்டி, 'ஆள் கை உள்ளே இருக்கிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மேலே வந்து தலையசைத்தாள். லெயாந்த்ரோ பேனலைத் திறந்து, பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியில் கை வைத்தான்.

மோட்டார் உறுமியது.

அவன் அலறவில்லை. கையை இழுக்கவும் முடியவில்லை. விசிறிக் கூட்டுக்குள்ளே ஒரு நனைந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். டெல்ஃபினா படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். மின்சார அறையில் பிரேக்கர் பெட்டி திறந்திருந்தது. அதன் முன்னால் ஹாலிஸ்டர் நின்றான். நாள் முழுக்க இவர்களுக்காகக் காத்திருக்க முடியாது என்று முணுமுணுத்தபடி விரலை உதறிக்கொண்டிருந்தான். கிழிந்த மஞ்சள் டேப் அவன் விரலை விட்டுப் போக மறுத்தது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறு வாரம், கம்பெனி முற்றத்தில் லாரிகளுக்கு நடுவே நின்று ஹாலிஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "லெயாந்த்ரோ பவரை நிறுத்தாம கையை விட்டுட்டான். குடிச்சிருந்தானோ என்னவோ. காப்பீட்டுக்காரங்க கிட்டயும் அதைத்தான் சொல்லிருக்கேன். எல்லாரும் இதுல பாடம் கத்துக்கங்க."

"பவரை நிறுத்தினது நான்," என்றாள் டெல்ஃபினா. "டேப் ஒட்டினதும் நான். பிரிச்சது நீங்க."

"நீ பாத்தியா?"

"உங்க விரல்ல ஒட்டிட்டு இருந்ததைப் பாத்தேன் பாஸ்."

ஹாலிஸ்டர் நிதானமாக அவள் பக்கம் வந்தான். "டெல்ஃபினா, உனக்குக் கோவம். புரியுது. ஆனா பாத்துப் பேசு. உனக்கும் வேலை வேணும், லெயாந்த்ரோ தம்பி க்ரூஸுக்கும் வேலை வேணும். ஒரே வீட்டுல ரெண்டு பேரு கை கட்டிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

ஆட்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். க்ரூஸின் தாடை மட்டும் இறுகி அசைந்தது.

அன்று மாலை லெயாந்த்ரோ வீட்டுக்குப் போனாள் டெல்ஃபினா. அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பச்சை மிளகாய்க் குழம்பை இடது கையால் அள்ளிக்கொண்டிருந்தான். பாதி சட்டையில் சிந்தியிருந்தது. துடைக்க வந்த மனைவியின் கையைத் தட்டிவிட்டான்.

"கை போனது கூடத் தாங்கிக்குவேன், கொமாத்ரே," என்றான் தட்டைப் பார்த்தபடி. "குடிச்சிருந்தேன்னு சொல்லிட்டானே. என் மக பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்திருக்கா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டெல்ஃபினாவின் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நெஞ்சுக்குள் பர்னர் பற்றிக்கொண்டதுபோல் ஒன்று எரிந்தது. ஹாலிஸ்டரின் கை அந்த விசிறிக் கூட்டுக்குள் இருக்க வேண்டும், பிரேக்கரை ஏற்றுவது தானாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். அந்த நினைப்பு இனித்தது. அவள் அதைத் துப்பவில்லை.

சில நாளில் அவளுக்கு வாய்ப்பு தானாக வந்தது.

மலையடிவாரத்தில் ஹாலிஸ்டர் புது வீடு கட்டியிருந்தான். கடைகளுக்குப் போடுகிற அளவு பெரிய பெட்டி அதன் கூரைக்குத் தேவைப்பட்டது. "என் வீட்டுக்கு நல்ல கை வேணும்," என்று டெல்ஃபினாவையும் க்ரூஸையும் கூப்பிட்டான். "அவசரமே இல்ல. மணிக்கணக்குலயே கூலி போட்டுக்கங்க. காத்து மட்டும் கச்சிதமா இருக்கணும். என் பொண்டாட்டிக்குச் சளித் தொந்தரவு." பெட்டிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய சுவிட்ச், புத்தம் புதிதாக, அன்றே வந்திருந்தது.

டெல்ஃபினா அந்தச் சுவிட்ச்சை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டுவெய்ன் யாஸி தன் கிரேனில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனான். குழாய்களை இணைத்தார்கள், கேஸ் கசிவு பார்த்தார்கள். மதிய வெயில் கூரையில் விழுந்தபோது க்ரூஸ் அவள் அருகில் குந்தினான்.

"அக்கா, விசிறியைக் கொறைச்சு விடு."

அவள் பேனலைத் திறந்தாள்.

"புல்லியை அகலமாத் திறந்துட்டா போதும். ஒரு குளிர்காலம். குழாய் வெடிக்கும். புருசனும் பொண்டாட்டியும் தூக்கத்துலயே... யாரு கண்டா? எங்க அண்ணன் விரலை யாரு கண்டான்?"

"வாயை மூடு," என்றாள். ஆனால் கை திருகுசாவியை எடுத்துவிட்டது. திருகாணியைத் தளர்த்தி, புல்லியின் இரு பாதிகளையும் விரித்தாள். பெல்ட் உள்ளே அமிழ்ந்தது. ஓட்டியபோது விசிறி சோம்பலாகச் சுற்றியது. பர்னர் பற்றியது. எண்ணெய் தீயும் வாடை வந்தது. இரும்பு டிக் டிக்கென்று விரிந்தது. சூடு எல்லை தாண்டியதும், அதைக் காவல் காக்கும் சின்னச் சுவிட்ச் கேஸைத் துண்டித்தது. நெருப்பு அணைந்தது.

அந்தச் சுவிட்ச்சின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டால், அது இருந்தும் இல்லாததுதான். கம்பி டெல்ஃபினாவின் கையில் இருந்தது. பெருவிரலால் அதை நீவினாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"அம்மா! மேல இருக்கிறவங்களே!"

கூரை விளிம்பில், ஏணியில் ஏறி நின்று, ஒரு பெண் தலை நீட்டினாள். நடுத்தர வயது, கையில் காப்பிக் குவளைகள். எல்லை தாண்டிச் சிவாவாவிலிருந்து வந்து இந்த வீட்டில் சமைத்துத் துவைத்து இங்கேயே தங்கும் நசாரியா.

"இப்ப வந்துச்சே சூடு காத்து, எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா! காத்து வர்ற மொத வாய் என் ரூம்லதான் இருக்கு, கார் செட்டுக்குப் பக்கத்துல. போன குளிருக்குப் பழைய வீட்டுல கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்கினேன். இந்தத் தடவ ராணி மாதிரித் தூங்கப் போறேன்." குவளைகளை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

டெல்ஃபினாவின் விரல்களிலிருந்து கம்பி நழுவிச் சரளைக் கற்களுக்குள் விழுந்தது. அவள் குனிந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள்.

"அவளை எங்கயாவது போயிடச் சொல்லலாம்," என்றான் க்ரூஸ். அவன் குரலே அவன் பேச்சை நம்பவில்லை.

"எங்கடா போவா? அவளுக்குப் போக எடம் இருந்தா இங்க ஏன் வர்றா?" டெல்ஃபினா நிமிர்ந்தாள். "நெருப்புக்குப் பக்கத்துல எப்பவும் நம்மாளைத்தான் படுக்க வெச்சிருக்கான் பாரு. அவனுக்கு மூட்டுற தீ நம்மளைத்தான் மொதல்ல திங்கும்."

"அப்ப அவனை விட்டுடறதா?"

"விடறதா?" அவள் திரும்பிய முகத்தைப் பார்த்து க்ரூஸ் ஓரடி பின்வாங்கினான். "தூக்கத்துல செத்தா அவன் தப்பிச்சான்டா. ஒண்ணும் தெரியாமப் போயிடுவான். அவன் முழிச்சிருக்கணும். கூரையெல்லாம் காலியாக் கெடக்கணும், போன் கதறணும், நம்ம மூஞ்சியைப் பாத்துக்கிட்டே அவன் நிக்கணும். லெயாந்த்ரோ கையைப் பாத்து, 'நான்தான் போட்டேன்'னு அவன் வாயால சொல்லணும். அதுக்குக் கொறைஞ்சு எனக்கு எதுவும் வேண்டாம்."

புல்லியைப் பழையபடி இறுக்கி, ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி திருகிக் காற்றைச் சரியாக்கினாள். சுற்றுப்புறம் இருட்டும் முன்பே நசாரியாவின் அறையில் இதமான காற்று வீசியது. ஹாலிஸ்டரின் படுக்கையறையிலும் வீசியது. அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் டெல்ஃபினா ஒவ்வொரு ஆளின் வீட்டுக்கும் போனாள். லெயாந்த்ரோவையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் முதலில் வர மறுத்தான். கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு பிச்சைக்காரனாய்த் தெருத்தெருவாகப் போக மாட்டேன் என்றான்.

"பிச்சை கேக்கவா கூப்பிடறேன்? கணக்குத் தீக்கக் கூப்பிடறேன்," என்றாள் அவள். எழுந்து வந்தான்.

கதவைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். திறந்து அழுதவர்களும் இருந்தார்கள். ஒரு தடியன், பூட்டு இல்லாமல் தன் கையும் ஒருநாள் போக இருந்ததை மனைவிக்குக் கூடச் சொல்லாததை, அங்கேயே மனைவி எதிரில் சொன்னான். டுவெய்ன் யாஸி முடியாதென்று தலையை ஆட்டினான்: "கிரேன் என்னுது. நான் உங்க கம்பெனி ஆளே இல்ல. ஹாலிஸ்டர் இல்லன்னா எனக்குப் பாதி வேலை போச்சு."

"தெரியும்," என்றான் லெயாந்த்ரோ. "சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். நீ மேல தூக்கற பெட்டிக்குள்ளதான் நாங்க கையை விடுறோம்."

டுவெய்ன் கதவைச் சாத்தினான்.

முதல் உறைபனி விழுந்த காலையில் முற்றத்து லாரிகள் கிளம்பவில்லை. கண்ணாடிகளில் பனி அப்படியே இருந்தது. வாசலுக்குக் குறுக்கே ஆட்கள் தோளோடு தோள் நின்றார்கள், நடுவில் லெயாந்த்ரோ. பள்ளிக்கூடத்தில் இன்னும் மாற்றாத பழைய பெட்டிகள் இருமிக்கொண்டாவது ஓடின. பிள்ளைகள் நடுங்கப் போவதில்லை. வேலையை முடித்துத் தருவதாகக் கையெழுத்துப் போட்ட ஹாலிஸ்டர்தான் நடுங்க வேண்டும்.

அவன் காரிலிருந்து இறங்கும்போதே கத்தினான். "என்ன இது, திருவிழாவா?"

"பூட்டு வேணும்," என்றாள் டெல்ஃபினா. "சுவிட்ச் மாட்டாத பெட்டியை யாரும் தொட மாட்டோம். காத்தைச் சரிபாக்கற நேரத்துக்குக் கூலி வேணும். மணிக்கணக்குல. உங்க வீட்டுக்குக் கொடுத்தீங்களே, அது மாதிரி."

"அவ்வளவுதானா மகாராணி?"

"இல்ல. பிரேக்கரைப் போட்டது யாருன்னு காப்பீட்டுக்காரங்க கிட்ட நீங்க சொல்லணும். இங்க இவன் முன்னாடியும் சொல்லணும்."

லெயாந்த்ரோ கைக்கட்டை அவிழ்த்தான். தையல் போட்ட, பாதியான கையை உயர்த்தினான். ஹாலிஸ்டர் சட்டென்று முகத்தைத் திருப்பினான். டெல்ஃபினா அந்தத் திருப்பலைக் கண்ணால் குடித்தாள்.

"பாருங்க பாஸ்," என்றாள் மெதுவாக. "நாங்க தினமும் பாக்கறோம்ல?"

"எல்லாருக்கும் சீட்டு கிழிஞ்சுது! ஊர்ல ஆளா இல்ல?" ஹாலிஸ்டர் போனை எடுத்தான்.

ஆள் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கூலியாட்களை அனுப்பும் ஏஜென்சியின் வேன் ஒன்று வந்து வாசலில் நின்றது. உள்ளே முன்பின் தெரியாத முகங்கள். கையில் காகிதம் சுற்றிய ரொட்டிகள். பின்னாலேயே டுவெய்னின் கிரேன் உறுமிக்கொண்டு வந்தது. க்ரூஸ் கெட்ட வார்த்தை சொல்லிக் கீழே துப்பினான். வரிசை லேசாகத் தளர்ந்தது. யாரோ ஒருவன் பின்னால் பார்த்தான்.

கிரேன் வேனைத் தாண்டவில்லை. வழியை அடைத்துக் குறுக்கே நின்றது. டுவெய்ன் எஞ்சினை நிறுத்தினான். இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், வரிசையின் கடைசியில் வந்து நின்றான். பக்கத்திலிருந்தவன் இடம் விட்டு நகர்ந்தான்.

"டுவெய்ன்! எடு அதை!" ஹாலிஸ்டரின் குரல் உடைந்தது.

"சாவி எங்கயோ விழுந்துடுச்சு," என்றான் டுவெய்ன். சாவி அவன் கையிலேயே இருந்தது.

வேனின் கதவு திறந்தது. ஒரு ஆள் இறங்கினான். வயதானவன், பழைய தோல் கையுறையை இடுப்பில் செருகியிருந்தான். ஹாலிஸ்டர் கை காட்டிய பக்கம் போகாமல் நேராக லெயாந்த்ரோவிடம் வந்து அந்தக் கையைப் பார்த்தான்.

"எதுல மாட்டிச்சு?"

"விசிறி பெல்ட்டுல."

"பவர்?"

"நிறுத்தியிருந்துச்சு. போட்டாங்க."

"யாரு?"

லெயாந்த்ரோவும் டெல்ஃபினாவும், க்ரூஸும் டுவெய்னும், வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் திரும்பி ஒரே ஒருவனைப் பார்த்தார்கள். கிழவனும் பார்த்தான். வேனுக்குள்ளிருந்தவர்களும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள்.

ஹாலிஸ்டர் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். எதிர்முனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்துவது எல்லோருக்கும் கேட்டது.

கிழவன் வேன் பக்கம் திரும்பி, "எல்லாரும் எறங்கி இவங்களோட வந்து நில்லுங்கப்பா," என்றான்.