சுண்ணாம்பு தடவாத கலயம்

தேவசகாயத்தின் குடும்பத்தைக் கரையேற்றியது பனைமரம்தான். செய்யூர்ப் பக்கத்தில் அவருக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. ஏரிக்கரையில் குத்தகைக்கு எடுத்த பனைகள் மட்டும் உண்டு. வீட்டுக்கு மேலே பனையோலை, அதைத் தாங்குவது பனங்கட்டை, படுக்கிற கட்டிலுக்குப் பனைநார். கோடையில் நுங்கு, பொங்கலுக்குக் கிழங்கு. தினமும் இறக்குகிற பதநீரை மனைவி மேரி காய்ச்சி வெல்லமாக்கி விற்றாள். மகன் ஆல்வின் பி.காம். முடித்தது அந்த வெல்லத்தில்தான்.

இவ்வளவு தரும் மரம் தருவதில் ஒன்றே ஒன்று மட்டும் சர்க்காருக்கு ஆகாது. பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாமல் விட்டால் விடிவதற்குள் அது கள். பதநீருக்கு லைசென்ஸ் உண்டு, கள்ளுக்கு ஜெயில்தான். சுண்ணாம்பு விஷயத்தில் தேவசகாயம் மகா கறார்.

தொண்ணூற்றாறு கோடையில் ஆல்வினுக்கு மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலை வந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. அது முடிந்தால் அணுமின் நிலையத்து ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில் இருப்பது மாதிரி குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் குவார்ட்டர்ஸ் என்று மேரி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

தேவசகாயத்தின் கூட்டாளிகள் முத்துசாமியும் கருப்பனும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, புள்ளைக்கு கவுருமெண்டு வேல. வெறும் டீ வாங்கிக் குடுத்து ஏமாத்திடலாம்னு பாக்கறியா?"

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் ஒரே ஒரு கலயத்தைச் சுண்ணாம்பு தடவாமல் கட்டிவிட்டு வந்தார். சந்தோஷம் வந்தால் இந்த மனிதர்களின் புத்தி எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவர் மரத்தின் மேல் இருந்தார். கூட்டாளிகள் சவுக்குத் தோப்பு ஓரமாகக் காத்திருந்தார்கள். நாஸ்தாவுக்கு அப்பாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி மேரி அனுப்ப, ஆல்வின் வந்தான்.

"நைனா, அம்மா கூப்புடுது."

"வரேன்டா. இத்த மட்டும் புட்ச்சி வை."

கலயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஆல்வின் அவிழ்த்துக் கையில் வாங்கினான். வாசனையிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ஏரிக்கரையில் போலீஸ் ஜீப் திரும்பியது. முத்துசாமியும் கருப்பனும் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்றே தெரியவில்லை. தேவசகாயம் கயிற்றைச் சரசரவென்று மேலே இழுத்துக்கொண்டு மட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். கயிறு மேலே போவதை ஆல்வின் அண்ணாந்து பார்த்தான்.

"யாருதுடா இது? மேல எவன் கீறான்?" என்றார் ஏட்டு.

"மேல யாரும் இல்ல சார். என்துதான்."

மேலே இருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தார். படித்த பையன், நாலு அதட்டு அதட்டி விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. தான் இறங்கினால் அடி விழும், லைசென்ஸ் போகும் என்றும் தோன்றியது. இப்படித் தோன்றிக்கொண்டே இருந்ததில் ஆல்வினை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிவிட்டது.

பிறகு ஸ்டேஷனுக்கு ஓடிப் போய்க் காலில் விழுந்தார்.

"அது என் கள்ளு சார். நான்தான் சார் கட்னேன்."

"எழுதியாச்சு, போய்யா. புள்ள மாட்டிகினா எல்லா அப்பனும் இதத்தான் சொல்றான்."

போலீஸ் விசாரணையில் அந்த வழக்குதான் முன்னால் வந்து நின்றது. வேலை வேறு யாருக்கோ போயிற்று. மேரி நாள் முழுக்க அழுதாள், பிறகு குவார்ட்டர்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. ஆல்வின் மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கத்தித் திட்டியிருந்தால் தேவசகாயத்துக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அந்தக் கோடையோடு அவர் மரம் ஏறுவதை விட்டார்.

பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் அன்று, சாப்பிடும்போது, அவரே கேட்டுவிட்டார்.

"என்துன்னு ஏன்டா சொன்ன? நைனா மேல கீறாருன்னு கைய காட்டியிருந்தா உன் வேல போயிருக்காதேடா."

ஆல்வின் சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னான்.

"நீயே எறங்கி வந்துடுவேன்னு நெனச்சேன், நைனா."