பொம்மைக்காரரின் வாய்

பொம்மைக்காரருக்கு வாய் இருந்தும் ஊமைப் பிழைப்பு. ரயில் நிலைய வாசலில் வாயாடி என்ற மரப்பொம்மையை மடியில் வைத்துப் பேச வைப்பது அவர் தொழில். உதடு அசையாமல் தொண்டைக்குள்ளிருந்தே பேச வேண்டும். அசைந்தால் கூட்டம் கலைந்துவிடும். கைதட்டல் எல்லாம் பொம்மைக்கு. குழந்தைகள் அதற்குத்தான் முத்தம் கொடுக்கும், இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போனால் போகட்டும் என்று விட முடிகிறதா? வாலிபத்தில் இந்த நகரத்துக்கு வண்டி ஏறியதே நாடக மேடையில் சொந்த முகத்தோடு நிற்கத்தான்.

அறுபது தாண்டிய பிறகு அழைப்பு வந்தது. கூட்டத்தில் நின்று பார்த்த ஒரு பெண், நாடக இயக்குநராம், "அப்பா வேஷம் ஒண்ணு இருக்கு, வந்து பேசிக் காட்டுங்க" என்றாள். அப்புறம் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரார் துணி தேய்க்கும் அவர் மனைவி, போட்டிருந்த சட்டையையும் கழற்றச் சொல்லி மறுபடி தேய்த்துக் கொடுத்தாள்.

ஒத்திகைக் கூடத்தில் கொடுத்த வசனம் சின்னது. வீட்டை விட்டுப் போகும் மகளிடம் அப்பன் சொல்ல வேண்டும்: "போகாதேன்னு சொல்ல எனக்கு என்னம்மா உரிமை இருக்கு?"

சொன்னார். குரல் கணீரென்று கேட்டது. மகளாக நடித்தவள் திடுக்கிட்டு, பேசியது யார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். கூடமே கொல்லென்று சிரித்தது.

"சார், வாயைத் திறந்து பேசுங்க" என்றாள் இயக்குநர்.

"திறந்துதாம்மா பேசினேன்." அதுவும் மூடிய வாயிலிருந்துதான் வந்தது.

எத்தனை முறை முயன்றாலும், வசனம் தொடங்கியதும் பாழாய்ப்போன உதடு பூட்டிக்கொண்டது. கடைசியில் இயக்குநர் பக்கத்தில் வந்தாள்.

"குரல் தங்கம் சார். திரைக்குப் பின்னாலேருந்து ஒரு குரல் வருது, அதைப் பண்றீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை; மூலையில் உட்கார்ந்திருந்த வாயாடியைப் பார்த்தாள். அந்த வீட்டின் பழக்கம் அப்படி. கெட்ட செய்தி எதையும் அவர் நேரில் சொன்னதில்லை. குழந்தை பிறக்காது என்று டாக்டர் கைவிரித்ததைக்கூட வாயாடிதான் ஏதோ கோமாளித்தனம் பண்ணிச் சொன்னது. சண்டை போட்டால் மன்னிப்புக் கேட்பதும் அதுதான். அவளும் பொம்மையிடமே அழுது, பொம்மையிடமே சிரித்துக் காலம் தள்ளிவிட்டாள், பாவம்.

அவர் மூலைப் பக்கம் போகவில்லை. அவளுக்கு எதிரே, துணி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"கிடைக்கலடி" என்றார். "என்னால முடியல. உன் ஆயுசையும் சேத்து வீணாக்கிட்டேன்."

உதடுகள் அசைந்தன. அசைந்தது மட்டுமா, வாய் ஒரு பக்கம் கோணி, முகவாய் நடுங்கி, அடக்க முடியாமல் விம்மினார்.

அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவி மனுஷா, இந்த வாயை அங்க திறந்திருக்கக் கூடாதா?" என்று சொல்லி அவளும் அழுதாள்.