ஐந்து பூட்டும் ஒரு சூடான டீயும்

எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து பூட்டு. முன்சக்கரத்துக்கு ஒன்று. பின்சக்கரத்தைக் கம்பத்தோடு கட்டும் சங்கிலிக்கு ஒன்று. இரண்டு ஹெல்மெட்டையும் கோக்கும் கம்பிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. ஐந்தாவது, மழைக்கோட்டுப் பைக்கு. பயணத்தில் மூன்று முறை மழை பிடித்தது. மூன்று முறையும் நான் அந்தப் பையைத் திறந்து முடித்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முன்சக்கரப் பூட்டில் அலாரம் வேறு. ஒருநாள் அதன் பக்கத்தில் தும்மிவிட்டேன். அது போட்ட கூச்சலில் எதிர்க்கடை அடுப்பில் பொங்கி வந்த பால் பயந்து அடங்கிவிட்டது. நம்பாதவர்கள் அந்தப் பாலையே கேட்டுக்கொள்ளலாம்.

வண்டியில் சேர்ந்து ஊர் சுற்றலாம் என்று கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் தள்ளி, அவள் கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிளம்பினோம்.

பதினொன்றாம் நாள் மாலை, ஒரு பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நிறுத்தினேன். அவள் வழக்கம்போல இறங்கி, வண்டியின் மறுபக்கம் குனிந்து எதையோ சரிசெய்துவிட்டு, கைப்பையை மூடிக்கொண்டு கடைக்கு நடந்தாள். நான் முழங்காலிட்டு முதல் பூட்டை எடுத்தேன். பாதி வழியில் அவள் திரும்பி வந்தாள்.

"என்னங்க, இந்தப் பதினோரு நாள்ல நான் குடிச்ச டீ முப்பத்து மூணு. உங்களோட உக்காந்து குடிச்சது எத்தனை?"

"பரீட்சையா?"

"ஒண்ணுகூட இல்லை. நீங்க பூட்டி முடிக்கிறதுக்குள்ள என் டம்ளர் காலி. அப்புறம், 'நீ போய் வண்டிகிட்ட நில்லு, நான் குடிச்சிட்டு வந்துடறேன்'னு அனுப்பிடறீங்க. அஞ்சு மணிக்கு நம்ம ஊர் பஸ் இருக்கு. நான் கிளம்பறேன். நீங்க உங்க பூட்டுங்களோட நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாகப் பூட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. கண் லேசாகக் கலங்கியிருந்தது.

பூட்டைக் கீழே போட்டேன். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, கடைக்குள் போய் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் நம்பாமல் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு டீ வந்தது.

முதல் வாய்கூட இன்னும் உள்ளே போகவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, உங்க வண்டிமேல எவனோ ஏறி உக்காந்திருக்கான்!"

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முதுகில் இரண்டு கண் முளைத்து, மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன.

"உக்காரட்டும்," என்றேன். "டீ ஆறிடும்."

அவள் கை மேசையைத் தாண்டி வந்து என் கைமேல் உட்கார்ந்தது.

வெளியே உதை உதை என்று உதைக்கும் சத்தம். நாற்பது உதைக்குப் பிறகு அவனே உள்ளே வந்தான். வேர்வையில் குளித்திருந்தான், சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும். சாவியை மேசைமேல் வைத்தான்.

"ஐயா, வண்டியை இப்படியா வெச்சிருக்கிறது? சர்வீஸ் விட்டு எத்தனை வருஷம் ஆச்சு? நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா, அம்மாவை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

திருட வந்தவனிடம் இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டேன்.

"உக்காருப்பா, களைச்சுப் போயிருக்கே," என்று என் மனைவி அவனுக்கும் ஒரு டீ சொன்னாள். அவன் குடித்துவிட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரின் கடைக்கு வழி சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே நகம் அளவுக்கு வண்டியின் ஃபியூஸ். அது இல்லாமல் அந்த வண்டியை யானை உதைத்தாலும் கிளம்பாது.

"இதை எப்பலேருந்து கழட்டறே?"

"முதல் நாள்லேருந்து. நீங்க முட்டி போட்டு முதல் பூட்டை எடுக்கறதுக்குள்ள கழட்டிடுவேன். திறக்கும்போது மாட்டிடுவேன். ரெண்டு நிமிஷ வேலை."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு என்னைப் பூட்ட விட்டே?"

"அவ்வளவு ஆசையாப் பூட்டறீங்க. எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"

எதிரே ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஃபியூஸை மாட்டிடட்டுமா?"

"என்ன அவசரம்? பையிலேயே இருக்கட்டும்," என்றேன். "இன்னும் ரெண்டு டீ சொல்லு."