பூட்டில்லாத லாரி

...இன்னும் வெளியே தள்ளவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது, யார் தள்ளப்போகிறார்கள், இது அவளுடைய லாரி, அவளுக்கென்றே மகன் வாங்கிக் கொடுத்தது, திரையில் மழை கொட்டுகிறது, வைப்பர் போய்வந்துகொண்டிருக்கிறது, மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் துறைமுகத்தைப் பார்த்துப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைத்த துணி வாளியிலேயே கிடக்கிறது, கிடக்கட்டும். காலையில் மகன் போனில் எவ்வளவு உற்சாகமாகச் சொன்னான். "அம்மா, உனக்கு ஒரு புது லாரி கேம் வாங்கி அனுப்பியிருக்கேன். இதுல பூட்டே கிடையாது." பூட்டா, கேமுக்கு எதுக்குடா பூட்டு என்றாள். "அதான்மா, யாரு, எந்தக் கணக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேக்காது. ஒரு தடவை இறக்கிட்டா உன்னோடது, நெட் இல்லன்னாலும் ஓடும். இனிமே நடுவுல உன்னை யாரும் வெளிய தள்ள மாட்டாங்க." நல்ல பிள்ளை. சாப்பிட்டியாடா என்று கேட்பதற்குள், வெளியே கிளம்பிட்டேன்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான்.

அவனாகச் செய்ததல்ல இது, அவள் வாய்தான் காரணம்... வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுப்போனான், அதில் அவன் கணக்கில் ஒரு லாரி விளையாட்டு, பொழுது போகலேன்னா ஓட்டிப் பாரும்மா என்றான். நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்று, இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா என்று ஊரார் கண்ணைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும், அதை நகர்த்த இன்னொரு கை இல்லை. சரி என்று ஓட்டப் பழகினாள். முதலில் எத்தனை பள்ளம், எத்தனை வேலி! ஒருநாள் பாலத்தின் நடுவில் போகும்போது திரை கறுத்து, உங்கள் கணக்கு வேறோர் இடத்தில் பயன்பாட்டில் உள்ளது என்று வந்தது, எதையோ உடைத்துவிட்டோம் என்று பதறி மகனைக் கூப்பிட்டாள். "நான்தாம்மா உள்ள வந்தேன்," என்று அவன் சிரித்தான். "ஒரு கணக்குல ரெண்டு பேர் ஆட முடியாது, அதான் உன்னை வெளிய தள்ளிடுச்சு." அதற்குப் பிறகு திரை கறுத்தால் அவள் பதறவில்லை. ஓ, வந்துவிட்டான், செருப்பைக் கழற்றிவிட்டான், உட்கார்ந்துவிட்டான். கல்யாணப் பேச்சை எடுத்தாள் என்று கோபித்துக்கொண்டு போனையே எடுக்காமல் இருந்தானே, அப்போதுகூட சாயங்காலமானால் வந்து தள்ளிவிட்டுப் போனான், கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆள் நன்றாக இருக்கிறான். காய்ச்சலில் கிடந்தபோது, எனக்கு ஒண்ணுமில்லம்மா என்றுதான் சொன்னான், ஆனால் யாரும் தள்ளவில்லை, லாரி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு ஒரு மாலை திரை கறுத்ததும் அப்பாடா என்று எழுந்துபோய்ச் சூடாகச் சோறு வடித்துச் சாப்பிட்டாள். இதையெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது? போன வாரம் பேச்சோடு பேச்சாக, நேத்தும் தள்ளிட்டியேடா என்று ஒரு பெருமையாகத்தான் சொன்னாள், அவன் அதைக் குறையாக எடுத்துக்கொண்டான், சாரிம்மா என்றான், இன்று காலை இந்த லாரி வந்து நிற்கிறது.

சொன்னது உண்மைதானா பார்ப்போம் என்று நெட் கேபிளைப் பிடுங்கினாள். லாரி ஒரு குலுங்கல்கூட இல்லாமல் போனது, மழை பெய்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்திருப்பானா... பழைய விளையாட்டு இன்னும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, கேபிளைச் செருகி அதைத் திறந்தால் போதும், அவன் உள்ளே வரும்போது அவளைத் தள்ளும். அவன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்? பின்னால் வருபவர்தானே முன்னால் இருப்பவரைத் தள்ளுவது. அப்படியானால் அவள் கடையிலிருந்து வந்து உட்கார்ந்த மாலைகளில், லீவு நாட்களில், அவன் எத்தனை முறை பாதி வழியில் வெளியே விழுந்திருப்பான்! ஒருமுறைகூட வாய் திறந்து சொன்னதில்லையே. திரை கறுத்ததும் அவன் என்ன நினைத்திருப்பான், அம்மா வந்துட்டா என்றா, சே மறுபடியுமா என்றா? தள்ள மாட்டாங்க என்று காலையில் சொன்னானே, அது யாரை யார், இந்த லாரி அவளுக்காகவா, அவனுக்காகவா? கேட்கலாம், போன் பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டால் சிரிப்பான், என்னம்மா நீ என்பான், அந்தச் சிரிப்பில் எதைக் கண்டுபிடிப்பது... கேபிளின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, செருகவும் மனமில்லாமல் கீழே போடவும் மனமில்லாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.